நிலா இறங்கும் நேரம் என்று சொன்னேன்

என்னைத் தோளில் வைத்து மலை சுற்றிய என் அப்பாவுக்கு,

இன்று வளர்பிறை ஏகாதசி. மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் நிலா கிழக்கே வந்துவிட்டது. விடுதி மொட்டைமாடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போடும்போது பார்த்தேன், வெயிலில் வெளிறிப்போய் நின்றது. இன்னும் நாலு நாளில் ஆனிப் பௌர்ணமி. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

செங்கம் ரோட்டு விடுதியில்தான் இன்னும் வேலை. முதலாளி இப்போது வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார். நிலா எத்தனை மணிக்கு உதிக்கும், எத்தனை மணிக்கு மறையும் என்று தினமும் நான் அதில் எழுத வேண்டும். வெள்ளைக்காரர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும். "நேத்து வந்ததுக்கு ரெண்டு நாழி தள்ளி வரும், அவ்ளோதான்டா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். எந்த ராத்திரி டார்ச் இல்லாமல் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சலாம் என்பதும் உனக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த மாதம் முழுக்க நிலாவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமாவாசை அன்று விரதம் இருந்தேன், சாயங்காலமும் சாப்பிடவில்லை. மூன்றாம் பிறைக்கு எல்லோரும் மேற்கே பார்த்துக் கும்பிட்டார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அஷ்டமிக்குப் பாதி நிலா பொழுது சாயும்போதே உச்சியில் நின்றது. அது வளர வளர உன் நாள் நெருங்குகிறது.

போன வருஷம் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு நீ போன் செய்தாய். தங்கச்சியின் பிரசவத்துக்காக அம்மா போளூர் போயிருந்தாள். வீட்டில் நீ மட்டும்தான்.

"நெஞ்சு ஒரு மாதிரியா அழுத்துதுடா. ஒரு நட வந்துட்டுப் போறியா?"

"பௌர்ணமி கிரிவலக் கூட்டம்ப்பா. ரூமெல்லாம் ஃபுல்லு. முடிஞ்ச மறுநாள் காலைல வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"செரி, வேலயப் பாரு" என்றாய். கொஞ்சம் வற்புறுத்தியிருக்கக் கூடாதா? பார், செத்துப்போன உன் மேலேயே பழியைப் போடப் பார்க்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைதான் நான்.

பௌர்ணமி அன்று நிலா ஏறுகிற நேரம், ஆறு ஐம்பதுக்கு, உன்னிடமிருந்து மூன்று அழைப்பு வந்தது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டத்துக்கு அறை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். போனைச் சத்தம் வராமல் அமர்த்தினேன். அப்புறம் கூப்பிடலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் விடிய முதல் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் வந்தேன். வீட்டில் உன்னைக் காணாமல் நிலத்துக்கு ஓடினேன். மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். எட்டு மணிக்கு நீ சாப்பிடும் ராச்சோறு தூக்குவாளியில் மூடியபடியே இருந்தது. மடை திருப்ப ஆளில்லாமல் ஒரே பாத்தியில் தண்ணீர் நிறைந்து வரப்பை உடைத்திருந்தது. உன் விரல்களை நீட்டப் பார்த்தேன், விறைத்திருந்தன. ராச்சோற்றுக்கு முன்பே நீ போய்விட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அம்மா வந்து உன் மேல் விழுந்து அழுதாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தனியாவா போனாரு?"

"இல்லம்மா. நான் வந்துட்டேன். நிலா எறங்குற நேரம். என் கையால தண்ணி குடிச்சிட்டுதான் போனாரு."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் அழுகை கொஞ்சம் அடங்கியது. காரியத்துக்கு வந்த ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரித்து, உயிர் போனது எத்தனை மணிக்கு என்று கேட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தே முக்கால் என்றேன். "பௌர்ணமி நடுராத்திரியோட முடிஞ்சுடுச்சு. அப்போ தேய்பிறை பிரதமை" என்று எழுதிக்கொண்டார். நிலா ஏறும்போது போன உன்னை, இறங்கும்போது போனதாகச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு ராத்திரியில் உன் திதி மாறிப்போய்விட்டது.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்தத் தண்ணீர் கதையைத்தான் சொல்கிறாள். கொட்டகையில் கிடந்த உன் பித்தளைச் சொம்பைத் துலக்கி சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள். யாரும் தொடக் கூடாதாம்.

"எவ்ளோ குடிச்சாருடா?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அரைச் சொம்பு இருக்கும்மா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "பௌர்ணமிக்கு லீவு கேட்டு நிக்காத. மறுநாள் திதிக்கு வந்தா போதும். உங்கப்பாவப் பாரு, உனக்கு வேல கெடாத நாளாப் பாத்துப் போயிருக்காரு."

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன். நீ கூப்பிட்ட நாளில் வராதவன், எனக்குத் தோதான நாளை உன் சாவு நாளாக்கிவிட்டேன். பொய் சொன்னபோதும் என் சௌகரியம்தான் எனக்கு அமைந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது அப்பா.

உண்மையைச் சொன்னால் அந்தச் சொம்பு வெறும் சொம்பாகிவிடும். அவள் உயிரோடு நடமாடுவதே அதை நம்பித்தான். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் யாருடைய திதியிலோ உனக்குச் சோறு படைப்போம். இதில் எது பெரிய பாவம்? மூன்று தடவை கூப்பிட்டாயே, என்னிடம் என்ன கேட்க நினைத்தாய்?

இன்று காலை முதலாளியிடம் லீவு கேட்டேன்.

"பௌர்ணமிக்கா? விளையாடுறியா? அன்னிக்குப் போனா திரும்பி வராத."

"செரிங்க" என்றேன். போன வருஷமே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

பௌர்ணமி அன்று காலை பலகையில் நேரத்தை எழுதிவிட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுவேன். பொழுது சாய்வதற்குள் அம்மா முன்னால் உட்கார்ந்து, நான் தண்ணீர் கொடுக்கவில்லை, அவர் தனியாகத்தான் போனார் என்று சொல்வேன். அதற்கப்புறம் அவள் என் முகத்தில் விழிக்காமல் போகலாம். போனால் போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் சொல்வேன்.

ஆறு ஐம்பதுக்கு மோட்டார் கொட்டகைக்கு வந்துவிடுவேன் அப்பா. அம்மா அந்தச் சொம்பைக் கொடுத்தால் அதில், கொடுக்காவிட்டால் என் இரண்டு கையிலும், உனக்குத் தண்ணீர் ஏந்தி வருவேன்.

தண்ணீர் கொடுக்காத
உன் மூத்த மகன்