நெஞ்சுக்கு நேரே கண்ணாடி

மார்ச் 4
மழை விடவில்லை. வாழையிலையில் கட்டிய மட்டோக்கே வாழைக்காய் அடுப்பில் வெந்துகொண்டிருந்தபோது வானொலியில் என் வீட்டுக்காரர் குரல். ஏரிக்கரையில் சிப்பாய்கள் சுட்ட மீனவர்களைப் பற்றிச் செய்தியில் மூச்சு விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அவர் செய்தியில் சொல்லவில்லை. மரண அறிவிப்பு நேரத்தில் வாசித்துவிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "சிப்பாய் சுட்டு இறந்தார்" என்று.
வந்ததும் திட்டினேன். "பேரைத்தானே வாசிச்சேன் அபூலி" என்று சிரித்தார்.

மார்ச் 6
கொன்றுவிட்டார்கள்.

மார்ச் 7
எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். வானொலி நிலையத்துப் படியிலேயே. லாரியிலிருந்து சிப்பாய்கள் குதித்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் முதலில் வாயில் — பல்லெல்லாம் படியில் கிடந்தது. அப்புறம் நெஞ்சில் சுட்டார்கள். அந்த வாய் உங்களை என்னடா செஞ்சுது, பாவிகளா?

மார்ச் 8
வானொலியில் மரண அறிவிப்பு வந்தால்தான் மலைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தமெல்லாம் வரும். போனேன். அவரோடு வேலை செய்த முகென்யிதான் இப்போது வாசிக்கிறான். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"அண்ணி, 'சாலை விபத்து'ன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. மாத்தி வாசிச்சா நாளைக்கு என் பொண்டாட்டி இங்க வந்து நிப்பா."
"எந்த வண்டிடா மோதுச்சு? படி மேல லாரி ஏறிச்சா?"
காறித் துப்பினேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன்.
"சரி, வாசி. உரக்க வாசி. எல்லாரும் வரட்டும்."

மார்ச் 9
தச்சர் அக்கீக்கி சவப்பெட்டி செய்கிறார். மூடியில் முகத்துக்கு நேரே கண்ணாடி பதிப்பதுதான் எங்கள் ஊரில் வழக்கம்.
"முகத்துக்கு வேண்டாம்ண்ணே. நெஞ்சுக்கு நேரா வைங்க."
உளியைக் கீழே போட்டார். "புத்தி பெசகிப்போச்சா அபூலி?"
"முகம் நொறுங்கிக் கெடக்கு. பாத்தா வண்டி மோதுனதுன்னு நம்பிடுவாங்க. ஓட்டையப் பாக்கட்டும்."
உளியை எடுத்து மூடிப் பலகையில் ஒரு கோடு கீறினார். பிறகு, "பெரிய கண்ணாடியாவே போடுறேன்" என்றார்.

மார்ச் 10
புதைத்தோம். சட்டை போடாமல்தான் கிடத்தினேன். வானொலி கூப்பிட்ட கூட்டம், வாழைத்தோட்டம் கொள்ளவில்லை. வரிசையாக வந்து குனிந்தார்கள். குனிந்த முகம் வேறு, நிமிர்ந்த முகம் வேறு. ஏரிக்கரையிலிருந்து வந்த ஒருத்தி கண்ணாடியில் அறைந்தாள். "என் புருசனுக்கும் இதே வண்டிதான்டி மோதுச்சு!"
யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே எல்லோரும் கதறினார்கள்.

மார்ச் 12
தச்சர் பட்டறையைக் கொளுத்திவிட்டார்கள். அவருடைய வலது கையைப் பட்டறை மேசையில் வைத்து, அவர் சுத்தியலாலேயே அடித்து நசுக்கியிருக்கிறார்கள். என்னால்தானே? ஆஸ்பத்திரியில் அவர் காலைப் பிடித்து அழுதேன்.
"இன்னொரு கை இருக்குல்ல. எந்திரி" என்றார்.

மார்ச் 13
ஒன்றும் சமைக்கவில்லை.

ஏப்ரல் 2
காலை அறிவிப்பில் ஒரு மாணவன் பெயர். சாலை விபத்தாம். அந்த வார்த்தையை முகென்யி இரண்டு தடவை வாசித்தான்.
மதியம் அந்தப் பையனின் அம்மா வாசலில் வந்து நின்றாள். தச்சர் வீடு எது என்று மட்டும் கேட்டாள். கூட்டிப்போனேன். முற்றத்தில் இடது கையால் பலகை இழைத்துக்கொண்டிருந்தார்.
"கண்ணாடி எங்கம்மா வைக்கணும்?"
அவள் திரும்பி நின்று தன் முதுகைத் தொட்டுக் காட்டினாள்.
"அப்ப குப்புறத்தான் கெடத்தணும்" என்றவர், அளவுக் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.