எந்தச் சாமிக்கும் வாகனமாகாத தோல்

7 ஜூலை 2025, திங்கள்

எங்கள் கால்நடை மருந்தகத்து உதவியாளர் மலைச்சாமி அண்ணன் இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலே இல்லை.

"வண்டியில மெதுவாத்தான் போனேன் டாக்டரம்மா. மண்ணுல சறுக்கிருச்சு."

மாட்டுக்குப் போடும் களிம்பைத்தான் போட்டிருந்தாராம். திட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

நானும் தினமும் பசுமலையிலிருந்து கொட்டாம்பட்டிப் பக்கம் வரை பைக்கில் போகிறவள். தலைக்கு ஹெல்மெட். மற்றதற்கெல்லாம்? காட்டன் சுடிதார்! போதாக்குறைக்கு அம்மாவின் சட்டம்: ஒரு தடவை விழுந்தாலும் பைக்கை விற்றுவிட வேண்டும், அப்புறம் பஸ்தான். பைக் போனால் நான் பாதி ஆள்.

13 ஜூலை, ஞாயிறு

பைக்குக்குப் போட ஜாக்கெட் தேடி முதல் கடை. பளபளவென்று கறுப்பு ஜாக்கெட், விலையும் கொள்ளை மலிவு.

"ஒரிஜினல் லெதர் மேடம்."

"எந்த மாடு?"

விழித்தான். முகர்ந்து பார்த்தேன். சுத்தமான ரெக்சின். தோலை மாட்டின் மேலேயே பார்க்கிறவளிடமா இந்த வேலை?

14 ஜூலை

தோல் ஜாக்கெட் வாங்கப் போவதாக வீட்டில் சொன்னேன். அம்மா தமிழுக்கு மாறிவிட்டாள்.

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்ட்ரம். கோபம் தலைக்கேறினால்தான் அம்மாவுக்குத் தமிழ் வரும். தெருவுக்கே புரிய வேண்டுமாம்.

"மாடுன்னா மகாலட்சுமி. வைத்தியம் பாக்கறவளே அதோட தோலைப் போட்டுக்குவியா?"

அப்பா பஜனை மடத்தில் மிருதங்கம் வாசிக்கிறவர். "இது மட்டும் என்ன, பிளாஸ்டிக்கா?" என்று தட்டிக் காட்டினார். அது சாமிக்கு வாசிக்கிறது, கணக்கில் வராது என்று தீர்ப்பாகிவிட்டது.

20 ஜூலை, ஞாயிறு

இரண்டாவது கடை, நல்ல கடை. கடைக்காரர் வெங்கடேஷ்பாபு பொறுமைசாலி. அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன்.

எருமைத் தோல்? "எமன் வாகனம்! உடம்புல போட்டுக்கிட்டு ரோட்டுல போவியா?"

சரி, ஆட்டுத் தோல்? "மயில் மட்டுமில்ல, கிடாவும் முருகன் வாகனம்தான். மொட்டை மாடியில நின்னா திருப்பரங்குன்றம் தெரியுது, ஞாபகம் இருக்கட்டும்."

போனைக் கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் மெல்லச் சொன்னார்: "ரேஸ் ஓட்டுறவங்க கங்காரு தோல் போடுவாங்க மேடம். அது எந்தச் சாமிக்கும் வாகனம் இல்ல."

விலையைக் கேட்டேன். கங்காரு மாதிரி நானே குதித்து வெளியே வந்துவிட்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

வாங்கியாயிற்று. எருமைதான். "எமன் என்ன, உங்கம்மாகிட்ட அனுமதி கேட்டுட்டா வரப்போறான்? வாங்கும்மா" என்று அப்பா காதோடு சொன்னதில் வந்த துணிச்சல்.

நின்றுகொண்டு போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருந்தது. கடைக்காரர் விடவில்லை, வண்டியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டச் சொன்னார். நீட்டினால் கை இரண்டும் மேலே ஏறி மணிக்கட்டு வெளியே வந்துவிட்டது. அடுத்த அளவு எடுத்தோம். தோளிலும் முழங்கையிலும் கெட்டியான காப்பு இருக்கிறது. முதுகில் வெறும் ஸ்பாஞ்ச்தான் இருந்தது, அதை எடுத்துவிட்டு நல்லதாக வைக்கச் சொன்னேன். காற்றுக்கு நெஞ்சில் பொடிப் பொடியாக ஓட்டைகள். கையுறையும் சேர்த்தாயிற்று.

அம்மா வாசல்படியைத் தாண்ட விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டி பக்கத்தில் ஓர் ஆணி. அதுதான் அதற்கு வீடு.

5 ஆகஸ்ட்

கோரிப்பாளையம் சிக்னலில் இட்லியாய் வெந்தேன்.

ஜாக்கெட்டோடு ஒரு தொழுவத்துக்குள் போனேன். பசு என்னைப் பார்த்துவிட்டு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிற்று. "அதைக் கழட்டிட்டு வாங்க டாக்டரம்மா. மாடு என்னமோ நெனைக்குது" என்றார் வீட்டுக்காரர். கழற்றிப் பைக்கில் போட்டுவிட்டுப் போனேன். இனி அதுவே பழக்கம்.

16 செப்டம்பர், செவ்வாய்

விழுந்துவிட்டேன்.

திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி தனியாக, நான் தனியாகத் தார் ரோட்டில் சர்ரென்று — அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆட்டுக்காரி முனியாயி அக்கா ஓடி வந்து, "ஆட்டுக்கு ஒண்ணுமில்லையே டாக்டரம்மா?" என்றார். நானும் உட்கார்ந்தபடியே ஆட்டின் காலைத் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அக்காவுக்கு என் ஞாபகம் வந்தது. "அய்யய்யோ, ஒங்களுக்கு எம்புட்டு அடி?"

எனக்கு இடுப்பில் கொஞ்சம் வலி, அவ்வளவுதான். ஜாக்கெட்டின் வலது கைதான் மலைச்சாமி அண்ணன் கை மாதிரி உரிந்து கிடந்தது. அது என் தோலாக இருந்திருந்தால்? வெகுநேரம் வண்டியை எடுக்கவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. கிழிந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி மாட்டிவிட்டேன். சொன்னால் பைக் போச்சு. சொல்லாமல் எத்தனை நாள்?

1 அக்டோபர், ஆயுத பூஜை

பைக்கைக் கழுவி மாலை போட்டேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். வண்டிக்கு வைத்தாள், ஹெல்மெட்டுக்கு வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, இதுவரை விரல்கூடப் படாத ஜாக்கெட்டை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினாள்.

"எங்க விழுந்த?"

தமிழ். தெருவுக்கே புரிகிற தமிழ். சொல்லிவிட்டேன்.

"கையைக் காட்டு."

காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஜாக்கெட்டின் கையையும் என் கையையும் மாறி மாறித் தடவினாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பிறகு மெதுவாக, எங்கள் பாஷையில் சொன்னாள்: "எமன் வந்திருக்கான். தன் வண்டியைப் பாத்துட்டு, நம்ம ஆளுதான்னு திரும்பிப் போயிட்டான்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு காலரில் பொட்டு வைத்தாள். தானே உள்ளே எடுத்துப்போய் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் சாத்தினாள். பைக்கை விற்கிற பேச்சே வரவில்லை.

பொங்கல் தட்டோடு நின்ற அப்பாவைத் தோளிலிருந்து இடுப்பு வரை அளந்து பார்த்தாள். "இவரும் மொபெட்லதானே சுத்தறார். இவருக்கு என்ன அளவு வரும்?"