பேட்ஜில் ஏறிய கதிர்

திருப்பதி, ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு,

கலைவாணி வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் எங்கள்மேல் எவ்வளவு கதிர் படுகிறது என்று அளக்க ஒரு பேட்ஜ் அணிவோம். இம்முறை என்னுடையதில் அளவு கூடிவிட்டது. பயப்படாதீர்கள். பாதுகாப்பு அதிகாரி சபீனா மேடம், "பேட்ஜ் ஒடம்புல இருந்துச்சா, எக்ஸ்ரே ரூமுக்குள்ள நீ கழட்டி மாட்டுன கோட்டுல தொங்கிக்கினு இருந்துச்சாம்மா?" என்றார்.

"ரெண்டும் இருக்கும் மேடம்."

"அப்ப கோட்டுக்கும் ரத்தம் எடுக்கணுமா?" என்று சிரித்தார்.

விதிப்படி நான் எழுதித் தரவேண்டும். உடம்பில் என்றால் ரத்தப் பரிசோதனை உண்டு; விசாரணை முடியும்வரை எக்ஸ்ரே வேலை கிடையாது. கோட்டில் என்றால் என் கவனக்குறைவு. எது உண்மையென்று எனக்கே தெரியவில்லை.

குழம்புத்தூள் தீர்ந்துவிட்டது. புத்தூர் பஸ் கண்டக்டரிடம் தராமல் நீங்களே கொண்டுவாருங்கள். டூட்டிக்கு நேரமாகிறது. "நினைவில்லை" என்றே எழுதிக் கொடுக்கப் போகிறேன். சரிதானே நைனா?

உங்கள் மகள்,
கலைவாணி