டாக்டர் இல்லையாம், நர்ஸாம்

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் சொல்லமாட்டாய், அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது.

உன் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டான். பிரஷர் பார்க்கலாம் என்று கூட்டிப்போய் மனநலப் பிரிவில் உட்காரவைத்தான். உன் அம்மா போன பிறகு நான் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், தூங்குவதில்லையாம். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் விருந்தா சாப்பிடுவான்? அதுகூடத் தெரியாத ஜென்மம்.

உள்ளே இருந்தது டாக்டர்கூட இல்லை, நர்ஸ். மேல்படிப்பு படித்தவளாம். என்ன நோய் என்று கண்டுபிடித்து மருந்தும் அவளே எழுதுவாளாம். உன் வயதுதான் இருக்கும். ஊசி போட வேண்டியவள் நாற்காலியில் உட்கார்ந்து கதை கேட்கிறாள்! பஸ் டிப்போவில் அத்தனை டிரைவர்களையும் கட்டி மேய்த்தவன் நான். என்னிடம் போய், காலையில் எழுந்ததும் மனசு எப்படி இருக்கிறது என்று விசாரணை. போலீஸ்காரி என்று பெயர் வைத்துவிட்டேன்.

அதோடு விட்டாளா? அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு, "செத்துப் போயிடலாம்னு தோணுதாங்கய்யா?" என்று கேட்டாள், காபி வேண்டுமா என்று கேட்பதுபோல. என்ன திமிர்! வெளியே போ என்று கத்தினேன். அது அவளுடைய அறை என்பது கத்திய பிறகுதான் உறைத்தது. அவள் அசையவில்லை. என் மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "வீட்ல என்னென்ன மாத்திரை வச்சிருக்கீங்க?" என்றாள். உன் அம்மாவுக்கு வாங்கி மீந்தவற்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் விட்டெறிந்தேன். கோபத்தில்தான். அதை ஏன் கையோடு வைத்திருந்தேன் என்று நீ கேட்காதே. அவள் கேட்டாள், போதும்.

பிறகு தர்பார் தொடங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தாள். நான் போட்டுவந்த தூக்க மாத்திரையை நிறுத்தி, வேறொன்றைப் பாதி மாத்திரையாக ஆரம்பித்திருக்கிறாள். என்னைத் தனியாக விடக்கூடாது என்று உன் அண்ணிக்குப் பாடம். வாராவாரம் நேரில் போக வேண்டும். நடுவில் போன் வேறு. "குளிச்சீங்களா? வெளியில கொஞ்சம் நடந்தீங்களா?" இதைக் கேட்க ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம்! நேற்று தெருமுனைவரை நடந்தேன் என்றதற்கு, நான் ஏதோ பரீட்சையில் தேறியதுபோல் பூரித்துப்போகிறாள். வெட்கக்கேடு. இப்போது கொஞ்சம் தூக்கம் வருகிறது என்பது உண்மை. அது மாத்திரையால், அவள் பேச்சால் அல்ல.

நீயும் அங்கே இதே வேலைதான் செய்கிறாய் என்று அண்ணன் சொன்னான். முன்பின் தெரியாத கிழவர்களிடம் போய் சாகத் தோன்றுகிறதா என்று கேட்கிறாயா? அவர்களும் உன்னைப் பார்த்துக் கத்துகிறார்களா? கத்தினால், நீ கதவுப் பக்கமாக உட்கார். போலீஸ்காரி அப்படித்தான் உட்காருகிறாள்.

போன் செய்தால் என்னைப் பற்றி அண்ணனிடம் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். இனிமேல் என்னிடமே கேள். நிச்சயம் திட்டுவேன். வைத்துவிடாதேம்மா.

உன் அப்பா