வாடிய இலைக்குத் தண்ணீர்

என் செல்ல மகளுக்கு,

அப்பாவின் அன்பு. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

உன் வெண்ணெய்ப்பழ மரம் இனிப் பிழைக்காது. கொட்டையில் பல்குச்சி செருகி, சமையலறை ஜன்னலில் டம்ளர் தண்ணீரில் நீ முளைக்க வைத்தது. தோட்டத்துச் சுவரைத் தாண்டி, எந்தக் காலத்திலும் பச்சையாக நின்றது. "மரம் காய்க்கட்டும், வர்றேன்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனாய். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

உன்னிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மீறுகிறேன். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று டாக்டர் குடிக்கிற தண்ணீருக்கு அளவு போட்டார். நாள் முழுக்க ஒரு சின்னச் சொம்பு. நாக்கு வறண்டு தவிப்பாள். நான் சொம்புக்குக் காவல். இத்தனை வருஷம் அவள் என்னை மிரட்டியதற்கெல்லாம் பழி வாங்குகிறேனாம்.

இந்த நேரம் பார்த்து மரத்தில் இலைகள் தொங்க ஆரம்பித்தன. "எனக்குத்தான் குடுக்க மாட்டீங்க, அதுக்காவது ஊத்துங்க" என்றாள். வாளி வாளியாக ஊற்றினேன். நான் கண் அசந்தால் அவளும் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறாள். இலை இன்னும் வாடியது, இன்னும் ஊற்றினோம். கடைசியில் நர்சரிக்காரரைக் கூட்டிவந்தேன். அடிமண்ணைக் கிளறினார். வேரெல்லாம் கறுத்து நாறியது. "தாகத்துல வாடல சார், தண்ணி தேங்கி அழுகிடுச்சு" என்றார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேல்கிளையில் இரண்டு பிஞ்சு தெரிகிறது, பொண்ணை டிக்கெட் போடச் சொல்லுங்கள் என்கிறாள். நானும் எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்துவிட்டேன். பிஞ்சு எதுவும் இல்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். டயாலிசிஸ் இனி அவள் உடம்பு தாங்காதாம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் அளவெல்லாம் வேண்டாம், கேட்கிறபோதெல்லாம் தண்ணீர் கொடுங்கள் என்றார். அம்மாவிடம் தண்ணீர் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம், உடம்பு தேறிவிட்டதாக நினைத்துவிட்டாள். வாசலிலேயே ஒரு பாட்டில் வாங்கி மடக்மடக்கென்று குடித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கண்ணு, மரம் காய்த்துவிட்டது என்று வைத்துக்கொள். உடனே கிளம்பி வா. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா