ஹாமனுக்காகப் பாடுகிறவன்

1441 அக்டோபர் 4, பிரான்சிஸ் திருநாள்

நல்ல மழை. சந்தைக்கு வந்த வாத்துக்காரர்கள் எல்லோரும் கோயிலுக்குள் ஒதுங்கிவிட்டார்கள், வாத்துகளோடு. ஏழு வருடம் முன்பு இறந்த துணி வியாபாரி ஹாமனின் ஆன்ம இளைப்பாறுதலுக்காக நான் தினமும் பாடும் பூசைக்கு இத்தனை கூட்டம் என்றுமே வந்ததில்லை. நான் ராகம் இழுத்தபோது வாத்துகளும் இழுத்தன. யார் சுருதி சேர்ந்தது என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

ஹாமனின் மனைவி இடோனி மட்டும் வரவில்லை. ஏழு வருடத்தில் இது முதல் தடவை. காய்ச்சலோ?

அக்டோபர் 6

காய்ச்சல் இல்லை. இன்று வந்தாள். பூசை முடிந்தும் போகாமல் பீடத்தைச் சுற்றியே நின்றாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரர் இன்னும் உத்தரிக்கிற ஸ்தலத்துலதான் இருக்காரா? பாவமெல்லாம் எரிஞ்சு தீந்து வெளிய வந்திருப்பாரா?"

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

"இல்ல... வெளிய வந்துட்டாருன்னா, நான் கல்யாணம் பண்ணிக்கிட்டா ரொம்ப வருத்தப்பட மாட்டாரில்ல?"

மாப்பிள்ளை மெழுகுதிரி செய்யும் தர்ஸ்டன். அவன் சிரித்தால் எதிர்த்தெருவில் நாய் குரைக்கும். நல்லவன்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறதே. ஹாமன் எழுதிவைத்த உயில். இடோனி விதவையாக இருக்கும்வரைதான் அவருக்காகப் பூசை நடக்கும் இந்தப் பீடத்துக்குச் சாமியாரை நியமிக்கும் உரிமை அவளுக்கு. மறுமணம் செய்தால் அது ஹாமனின் அண்ணன் ஆஸ்பர்னுக்குப் போய்விடும். அவருக்கு என் பாட்டு என்றால் பல் வலி.

அக்டோபர் 7

ஒரு வார்த்தை போதும். 'அவர் இன்னும் அங்கேதான் இருக்காரும்மா, நீங்க அழுதுகிட்டே இருங்க.' சொன்னால் நம்பிவிடுவாள். எனக்கும் அறை, அடுப்பு, சாப்பாடு எல்லாம் நிலைக்கும்.

சீ! என்ன மனுஷன்டா நீ, வைமண்ட்?

அக்டோபர் 9

சொல்லிவிட்டேன். "பூசை அவருக்காக நடக்குது. உங்க கண்ணீரை யாரும் கேக்கல. திருச்சபை தடுக்கல, நானும் தடுக்கல. தாராளமா பண்ணிக்குங்க."

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அப்ப நீங்க எங்க போவீங்க சாமி? உங்களுக்காகத்தானே அந்த மனுஷனை ரெண்டு வருஷமா காக்க வெச்சேன்!"

எனக்காகவா? இங்கே நான் இவளை மறிக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, இவள் அங்கே எனக்காகவா?

"போய் நாள் குறிங்கம்மா," என்று கொஞ்சம் அதட்டியே சொன்னேன். இல்லாவிட்டால் நானும் அழுதிருப்பேன்.

அக்டோபர் 15

கோயிலில் இவர்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கோயில் வாசலில் ஆஸ்பர்ன் பிடித்துக்கொண்டார். "என்ன சாமி, மூட்டை கட்டியாச்சா? என் பொண்டாட்டியோட அக்கா மகன் வர்றான். வானதூதர் மாதிரி பாடுவான். என் தம்பி காதுக்கு இனிமேலாவது நிம்மதி."

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 6

கல்யாணம். கோயில் வாசலில் 'சம்மதம்' என்று தர்ஸ்டன் கத்திய கத்தலில் புறாக்கள் எல்லாம் பறந்தன. வாத்து வறுவல், விலாங்குமீன் பணியாரம், பீப்பாய் பீப்பாயாக நுரைக்கும் ஏல் மது. என்னையும் ஆடவைத்தார்கள். முழங்கால் வலிக்கிறது.

இந்த ஏலைக் காய்ச்சியவள் சபீனா. புனித கத்தரீனம்மாள் பெயரில் ஊரார் நடத்தும் சபையில் பெரிய கை. ஆட்டத்துக்கு நடுவில், "சாமி, கத்தரீனம்மா திருநாள் வரைக்கும் ஊரை விட்டுப் போகாதீங்க," என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். ஏன் என்று கேட்பதற்குள் குவளையை நிரப்பிவிட்டாள்.

நவம்பர் 13

ஊரெல்லாம் இதே பேச்சாம். தர்ஸ்டன் வந்து நடித்தே காட்டினான். நேற்றுச் சபைக் கூட்டத்தில் சபீனா எழுந்து, நம் சபைப் பீடத்துக்கென்று ஒரு சாமியார் வேண்டும், வைமண்ட் சாமியை வைத்துக்கொள்வோம் என்றிருக்கிறாள். தோல் பதனிடும் கில்பர்ட், "ஐயோ, அந்தக் குரலா?" என்றானாம். சபீனா விடவில்லை.

"குரல் வேணும்னா போய்க் குயில் வளர்த்துக்குங்க. கொள்ளை நோயில எங்கம்மா கிடந்தப்ப நீங்கள்லாம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள இருந்தீங்க. கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யாரு? உங்க வீட்டுப் பெரியவரு பக்கத்துல இருந்தது யாரு கில்பர்ட்டு?"

கில்பர்ட்தான் முதலில் கை தூக்கினானாம்.

நவம்பர் 25, கத்தரீனம்மாள் திருநாள்

பவனி, கொட்டு, விருந்து. சபைப் பீடத்தில் என் முதல் பூசை. கோயிலின் மறுகோடியில் ஆஸ்பர்ன் கொண்டுவந்த பையன் ஹாமனுக்காகப் பாடினான். உண்மையிலேயே அழகாகப் பாடுகிறான். நானே கொஞ்சம் நிறுத்திக் கேட்டேன்.

பூசை முடிந்ததும் தர்ஸ்டன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றான். அவன் மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

"சாமி, நம்ம சபைப் பூசையில ஹாமனையும் சேத்துக்கணும். நல்ல மனுஷன். எனக்காக வேண்டிக்கிற மாதிரியே வேண்டிக்குங்க."

தூரத்தில் இடோனி, எங்களைப் பார்க்காதவள்போல், அணைந்த திரிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நாளை விடிகாலைப் பூசை ஹாமனுக்கு. குளிரும். கம்பளி அங்கியை எடுத்து வைத்துவிட்டேன்.