யாருடைய உகப்பு?

மைனி,

நேற்று வடசேரிச் சந்தையில் ஒருவன் தைலம் விற்றுக்கொண்டிருந்தான். ஓமமும் கர்ப்பூரமும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. "திருவனந்தபுரத்துப் பெரிய வீடுகள்ல எல்லாம் இதத்தான் தேய்க்காவ" என்றான். "ஆரு தேய்ச்சா என்ன, முட்டுவலி போவுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது உங்கள் பேச்சு என்று உறைத்தது. அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் திரும்பினான்.

உங்கள் தம்பிக்கு, என் வீட்டுக்காரருக்கு, சாவுக்காரியம் முடிந்த கையோடு வீட்டில் கூடிய கூட்டம் நினைவுக்கு வந்தது. இன்று சட்டம் மாறிவிட்டது. அன்று நம் வெள்ளாளர் வீடுகளில் மருமக்கள் வழி. ஆண் இறந்தால் அவன் சொத்து உடன்பிறந்தாளின் மகனுக்குப் போகும். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு பங்கு கொடுப்பார்கள், மனமிருந்தால். அதில்தான் நான் குடியிருந்த வீடு வரவேண்டும். வராவிட்டால் இரண்டு பெண்பிள்ளைகளோடு நான் தெருவில். வாரிசு உங்கள் மகன். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலே எல்லாம் அவனுக்கு வந்திருக்கும்.

குடும்பத்துக்கு மூத்தவர், காரணவரான உங்கள் மாமா பேச்சில் கெட்டிக்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "தாய்வழிதான் வேரு. வேர விட்டுட்டுக் கெளைக்குத் தண்ணி ஊத்தினா மரம் நிக்குமா?" கூட்டம் தலையாட்டியது. கதவுக்குப் பின்னால் என்னோடு நின்ற நீங்கள் முன்னே போனீர்கள்.

"மரத்த விடுங்கோ மாமா. இந்தப் பிள்ளையள் எங்க படுக்கும்? அதச் சொல்லுங்கோ."

"இவளுக்குக் குடுத்தா நாளைக்கு ஒவ்வொருத்தியும் கேப்பா. நாஞ்சில்நாடே துண்டு துண்டாப் போவும்."

"நாளைக்குக் கேக்கவளுக்கு நாளைக்குப் பதில் சொல்லலாம்."

"பொம்பளைக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுண்ணே வையுங்கோ. நான் சொன்னதுல பிசகு எங்க?"

அவர் நிதானமாகச் சொன்னார். "உகந்து குடுக்கதுதான் உகந்துடைமை. உகப்பு இல்லாதவன்கிட்ட உரிமைண்ணு எப்பிடிக் கேக்க?" சொல்லே அப்படி இருக்கிறதே, இனி என்ன வழக்கு என்று நினைத்தேன்.

நீங்கள் அவசரப்படவில்லை. "உகக்க வேண்டியது ஆரு மாமா? செத்தவனா, நீங்களா? எந்தம்பி இந்தப் பிள்ளையள தோள்ல போட்டுட்டு நடந்தத ஊரே பாத்திருக்கு. அவன் உகந்தாச்சு. நீங்க எடுத்துக் குடுக்கவரு, அவ்வளவுதான்."

காரணவர் மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "வீட்ட அவளுக்கு எழுதுங்கோ" என்றார். வீடு எனக்கு வந்தது. நான் அடுக்களையில் நின்று அழுதபோது, "அழாதட்டி" என்றீர்கள். "ஒருத்தன் அழகாப் பேசினா பயப்படாத. அந்த அழகக் கழிச்சிட்டு மிச்சத்தப் பாரு. பல நேரம் ஒண்ணும் இருக்காது."

உங்கள் மகன் அதோடு உங்களிடம் பேசுவதை நிறுத்தினான். கோபம் தணியும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தணியவில்லை. ஒருநாள் துணிமூட்டையோடு என் வாசலில் வந்து நின்று, "சோறு இருக்கா ஏட்டி?" என்று மட்டும் கேட்டீர்கள். கடைசிவரை எங்களோடுதான் இருந்தீர்கள். என் பெண்கள் "எல்லாரும் செய்யுகாவ" என்று எதையாவது கேட்டால், "எல்லாரும்ணா ஆரு? பேரச் சொல்லு" என்பீர்கள். இரண்டு பேருக்குமேல் அவர்களுக்குப் பெயர் கிடைக்காது.

நீங்கள் போன பதினாறாம் நாள், அடியந்திரப் பந்தியில் ஒருத்தி, "பின்னால இங்க வந்து இருக்கதுக்குத்தானே அண்ணைக்கு அப்பிடிப் பேசியிருக்கா" என்றாள். சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "பின்னால நடந்தது முன்னால நடந்ததுக்குக் காரணம் ஆயிருமா? பெத்த மகன விட்டுட்டு எங்கூடக் கஞ்சி குடிக்கதுக்கா ஒருத்தி திட்டம் போடுவா?" நீங்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள்.

சரி, வேறு எதற்காகத்தான் பேசினாள் என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன். நான் உங்கள் ரத்தம் இல்லை. எனக்காகப் பேசுங்கள் என்று கேட்டதும் இல்லை. மகன் இப்படி விட்டுப்போவான் என்று தெரிந்திருந்தால் அன்று பேசியிருப்பீர்களா என்று ஒருமுறை உங்களிடமே கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தீர்கள். நிமிராமலே, "தெரிஞ்சுதாம்ட்டி பேசினேன்" என்றீர்கள்.

அதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, மைனி.